மந்தாரத்தில் கழற்றிய துவாய்

குருநகர்க் கடற்கரையில் கருவாடு போடும் மார்கிரட்டுக்கு வெயில் ஆகாது. அவளுக்கும் தங்கை யசிந்தாவுக்கும் பிறவியிலேயே தோலும் மயிரும் வெள்ளை. பக்கத்து வாடிக்காரியான நான் "வெள்ளைக்காரி" என்று பகிடி பண்ணுவேன், அவளும் சிரிப்பாள். வெயில் நாளில் கண் மட்டும் தெரியத் துவாயால் தலையைச் சுற்றிக்கொண்டு வருவாள். மீனைப் பரப்பிவிட்டு வாடிக் கொட்டிலுக்குள் ஓடிவிடுவாள். அது தன்பாட்டில் காயும்.

மப்பும் மந்தாரமும் என்றால் கதை வேறு. மீன் இலேசில் காயாது, புரட்டிப் புரட்டிப் போட வேண்டும். தூறல் விழுந்தால் தறப்பாள் இழுத்து மூட வேண்டும். காலை தொடக்கம் பின்னேரம் வரை வெளியில்தான். சூரியன் இல்லையே என்று துவாயைக் கழற்றிக் கயிற்றில் போட்டுவிடுவாள். மார்கழியில் வானம் பனிப்புகார் பிடித்துச் சாம்பலாய்க் கிடந்தாலும் அப்படித்தான். மந்தாரம் ஒன்றும் செய்யாது என்று யசிந்தாவுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். நானும் தலையாட்டினேன், புத்தி கெட்டவள்.

அவள் கன்னத்தில் ஒரு புண் வந்தது. ஆறு மாதமாகத் தேங்காயெண்ணெய் பூசியும் ஆறவில்லை. இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தான் வெயிலில் நிற்பதே இல்லை என்று டொக்டரிடம் சாதித்தாள். மந்தார நாளில் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டார். சொன்னாள்.

அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"முகில் சூட்டைத்தான் மறைக்கும், அம்மா. தோலைக் கெடுக்கிற கதிர் கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய முகிலுக்குள்ளாலை அது முக்கால்வாசியும் வந்திடும். முகில் பிரிஞ்சு பிரிஞ்சு நிக்கேக்கை சிலவேளை வெறும் வெயிலை விடக் கூடவும் அடிக்கும். புகாரும் கொஞ்சந்தான் தடுக்கும்."

சதையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமையில் முடிவு வந்தது. புற்று. கன்னத்தில் பெரிதாக வெட்ட வேண்டும், கண்ணுக்குக் கிட்ட என்பதால் முழுதாக எடுபடும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டொக்டர். மார்கிரட் அழவில்லை.

பஸ்ஸால் இறங்கியபோது வானம் மூடியிருந்தது. கடற்கரையில் யசிந்தா வெறுந்தலையோடு மீன் புரட்டிக்கொண்டிருந்தாள். மார்கிரட் மணலில் விழுந்தெழும்பி ஓடினாள். தன் துவாயை அவிழ்த்துத் தங்கையின் தலையில் சுற்றப் போனவள், இடது காதடியில் கையை நிறுத்தினாள். காய்ந்த இரத்தத்தோடு ஒரு சின்னப் புண்.

"இது எப்ப வந்தது?"

"தைப்பொங்கலுக்கு முந்தி, அக்கா. ஆறுதில்லை." யசிந்தா சிரித்தாள். "பயப்பிடாதையுங்கோ. நீங்கள் சொன்னமாதிரி மந்தாரத்திலை மட்டுந்தான் துவாயைக் கழட்டுறனான்."