மூன்றேகால் மணிச் சிவப்பு

நான் கப்பலில் பன்னிரண்டு வருடம் ரேடியோ ஆபீசராக இருந்தவன். காதில் விழுந்ததை மட்டும் எழுதுவேன். பேய், ஆவி என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நீங்களும் போகலாம், ஆனால் கேட்டுவிட்டுப் போங்கள்.

சாட்டிலைட் வந்ததும் எங்கள் வேலை போனது. இரண்டாயிரத்து நாலில் துபாய் கராமாவில் ரூம் எடுத்துத் தங்கி, ஜுமேராவில் ஒரு கிழட்டு வெள்ளைக்காரரைப் பார்த்துக்கொண்டேன். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் தந்தி அதிகாரி. எனக்கு மோர்ஸ் தந்தி தட்டத் தெரியும் என்பதால்தான் என்னை வைத்துக்கொண்டார்.

அவர் சுவரில் பழைய கப்பல் கடிகாரம் ஒன்று. பதினைந்திலும் நாற்பத்தைந்திலும் மூன்று மூன்று நிமிடம் சிவப்புப் பூசியிருக்கும். அந்தக் காலத்தில் முள் சிவப்பில் இருக்கும்போது கடலில் எந்தக் கப்பலும் வாய் திறக்கக் கூடாது, ஆபத்தில் இருப்பவன் குரல் கேட்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். கிழவர் அதை வீட்டிலும் விடவில்லை. ஒருநாள் டீயில் ஸ்பூன் சத்தம் வந்ததற்குக் கைத்தடியால் என் விரலை உடைத்தார், பாவி மனுஷன்.

போரில் அவர் கப்பலுக்குப் பின்னால் வந்த கப்பலை டார்பிடோ பிளந்ததாம். பதில் அனுப்பினால் நம் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்று மேலிடத்து உத்தரவு. கடல்மேல் எண்ணெய் எரிய எரிய அந்தக் கப்பலின் ஆபரேட்டர் உதவி கேட்டுத் தட்டிக்கொண்டே செத்தான், இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கையெழுத்து மாதிரி, மோர்ஸில் ஒவ்வொருவனுக்கும் ஒரு கை உண்டு. அவன் கை இன்னும் காதை விட்டுப் போகவில்லை என்பார்.

என் தம்பி மணிக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒவ்வொரு எழுத்திலும் கடைசித் தட்டுக்கு முன் அரை நொடி தயங்குவான். எவ்வளவு திட்டியும் போகவில்லை. அப்போது ஷார்ஜாவில் ஒரு சரக்கு லாஞ்சில் என்ஜின் வேலையில் இருந்தான்.

அன்று மதியம் மூன்றேகால். கிழவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் வலது கை விரல்கள் நாற்காலியின் மரக் கைப்பிடியில் தட்ட ஆரம்பித்தன. எஸ் ஓ எஸ். போர் ஞாபகம் என்று நினைத்தேன். அடுத்து, நம்பினால் நம்புங்கள், மணி என்று தம்பி பேர் வந்தது. அப்புறம் கதவு, கதவு என்று இங்கிலீஷில். கடைசித் தட்டுக்கு முன் அதே தயக்கம்.

லாஞ்சுக்குச் சொல்ல, அவர் பக்கத்து மேஜையில் இருந்த போனை எடுக்கப் பாய்ந்தேன். கிழவர் கண்ணைத் திறக்காமலே இடது கையால் என் பிடரியைப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினார். பல் உடைந்தது. மறுபடி மோதினார். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

"சைலன்ஸ்!" என்று கத்தினார். வலது கை தட்டிக்கொண்டே இருந்தது.

எண்பது தாண்டிய ஆள். ஒரு உதறு உதறியிருந்தால் விழுந்திருப்பார். நான் உதறவில்லை. கண் கடிகாரத்தில் இருந்தது, முள் சிவப்பில் இருந்தது, பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் என் உடம்பு அடங்கிவிட்டது. பதினெட்டில் தட்டல் நின்றது, பிடி விட்டது. கிழவர் விழித்து, "யார் அடித்தது உன்னை?" என்றார்.

லாஞ்சின் கேப்டன் கீழக்கரைக்காரர், அண்ணனைக் காக்கா என்கிற அவர் ஊர் வழக்கப்படியே அவரைக் கூப்பிடுவேன். அன்று மாலை போனில் அழுதார். "தம்பி, மணி கருகிப் போயிட்டான்பா. மூணேகாலுக்கு என்ஜின் ரூம்ல தீ. உள்ளேர்ந்து டங்கு டங்குன்னு சத்தம் வந்துச்சு, ஏதோ சூட்டுல வெடிக்குதுன்னு நெனச்சோம். அவன் கரைக்குப் போயிருக்கான்னுதான் எல்லாரும் இருந்தோம்."

"அந்தச் சத்தம் எவ்வளவு நேரம் காக்கா?"

"மூணு நிமிஷம் இருக்கும். உள்ள ஆள் இருக்குன்னு ஒருத்தன் சொல்லியிருந்தா கதவ ஒடச்சிருப்போமே, அல்லாவே!"

மணியின் பேரை நானே முன்பு கிழவரிடம் சொல்லியிருப்பேன் என்பீர்கள். சொல்லியிருக்கிறேன். ஆனால் அவன் தட்டும் கையை, அந்தத் தயக்கத்தை அவர் எங்கே கேட்டார்? அடுத்த வருடம் அவரும் போய்விட்டார், அதைக் கேட்க இனி ஆளில்லை.

இப்போதும் மூன்றேகாலுக்கு என் வாய் தானாக மூடிக்கொள்கிறது. அந்த மூன்று நிமிடமும் என் வலது கை விரல்கள் தட்டுகின்றன என்கிறாள் மனைவி. எனக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு முறையும் நடுவில் கொஞ்சம் தயங்குவதாகவும் சொல்கிறாள்.