பால்கோவா கிண்டிய கை

ஆறாவதோடு படிப்பை விட்டவன் நான். இன்று ராஜபாளையத்தில் இருபது தறிக்கு முதலாளி. இன்று ஒரு கடை வாசலில் பால் சுண்டும் வாசனை வந்ததும் அப்பாவின் கை நினைவுக்கு வந்தது.

எண்பதுகளில் அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டினார். விரல்கள் மரத்து வலித்தன. அடுப்புச் சூடு என்று நினைத்து, நீளத் துடுப்போடு எட்ட நின்று கிண்டினார். வலி கூடியது. துடுப்பு நழுவவும், வேலை போய்விடுமென்று பயந்து டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம்.

"சுண்டு விரலும் மரக்குதாய்யா?"

"இல்லீங்க, மத்த விரலுதான்."

டாக்டர் மணிக்கட்டைத் தட்டினார். நடுவிரல்வரை கரண்டு பாய்ந்ததுபோல் அப்பா துள்ளினார்.

"நரம்பு நசுங்குறது இங்க. சுண்டு விரலுக்கு வேற நரம்பு. எட்ட நின்னு மணிக்கட்ட மடக்கி மடக்கி நீரே வலியக் கூட்டிட்டீரு."

"அம்புட்டு நாளும் அடுப்பையில்ல வைஞ்சேன்!"

மணிக்கட்டு மடங்காதபடி அட்டை வைத்துக் கட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து, சட்டைப் பொத்தானைத் தானே மாட்டிக்கொண்டு அப்பா வேலைக்குக் கிளம்பினார். எத்தனையோ தறியைப் பிரித்து மாட்டியவன் நான். ஒரே தட்டு தட்டிப் பழுதைக் கண்டுபிடித்த அந்த டாக்டரின் விரலுக்கு முன்னால் நான் ஒன்றுமில்லை.