சிவப்புப் பொட்டு வைத்த பேரிங்

சொர்ணம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பேரிங் கம்பெனியின் சோதனை மேசையில் வேலை பார்த்தவள். ட்யூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு பேரிங்கையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். விரிசல், துரு, நசுங்கல் எது தென்பட்டாலும் சிவப்பு பெயிண்டில் ஒரு பொட்டு வைத்து ஓரமாக இருக்கும் தொட்டியில் போட்டுவிட வேண்டும். பொட்டு விழுந்த சரக்கை அறுத்துப் பழைய இரும்பாக்கித்தான் வெளியே அனுப்புவார்கள் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் ஆனால் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். ஆனாலும் அந்த வேலையில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த சித்ராவிடம், "ரோட்டுல போற வண்டில பாதி, நாம பாஸ் பண்ணதுலதான் ஓடுது, தெரியுமா?" என்பாள்.

பிறகு அந்தச் சோதனையைத் தானே செய்யும் கேமரா வைத்த மெஷின் வந்தது. ஒருநாள் மதியம் டீ குடிக்க வெளியே போன சொர்ணம், சித்ரா உள்ளிட்ட காண்டிராக்ட் பெண்களை கேட்டுக்குள் திரும்ப விடவில்லை. வாட்ச்மேன் அவர்களுடைய டிபன் பாக்ஸ்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். சூப்பர்வைசர் ராகவன் சார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு வீடு முழுக்க அவள் புருஷன் கோவிந்தனின் பழைய ஆம்னி வேனை நம்பி நின்றது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுபோய் ஆவடியில் பள்ளிக்கூடத்தில் விடுவான். வாங்கும்போதே கிழட்டு வண்டி. மழை பெய்தபோதெல்லாம் முழங்கால் தண்ணீரில் ஓடியதில், முன்சக்கரம் மாவு மெஷின் மாதிரி உறும ஆரம்பித்தது. மெக்கானிக் சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, பேரிங் போய்விட்டது, இரண்டு பக்கமும் மாற்றியாக வேண்டும் என்றான். ஒரிஜினல் விலையைக் கேட்டதும் கோவிந்தன் வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்து நிறுத்தினான். பாடியில் உள்ள ஸ்பேர்பார்ட்ஸ் கடைகளில் விசாரித்தான், அங்கேயும் அதே விலைதான். அம்பத்தூரில் கேட்டான், இவ்வளவு பழைய வண்டிக்குச் சரக்கு வைப்பதில்லை என்றார்கள். பழைய இரும்புக் கடைகளில் கிடைத்தவை அவனுடையதைவிட மோசமாக ஆடின. அதற்குள் இரண்டு வீட்டில் பிள்ளைகளை ஆட்டோவுக்கு மாற்றிவிட்டார்கள்.

கடைசியில் ஒருநாள் சிரித்த முகத்தோடு வந்து ஒரு பொட்டலத்தைச் சமையல் மேடைமேல் வைத்தான். சொர்ணம் பழக்கதோஷத்தில் பேரிங்கை எடுத்து விளக்குக்கு நேரே திருப்பினாள். விளிம்பின் பள்ளத்தில், துணி போகாத இடத்தில், சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எங்கயா வாங்கின இத?"

"பூந்தமல்லில. புதுசா ஒரு கடை கீது. பாதி வெலகூட இல்ல."

"இது ரிஜெக்டுயா. நாங்க கழிச்சுப் போட்டது. பொட்ட தின்னர் போட்டுத் தொடச்சி வித்துக்கினு கீறானுங்க."

"சும்மா இருமே. ஊரே இதத்தான் போட்டு ஓட்டுது."

"பசங்கள ஏத்திகினு போற வண்டி. ஓடச்சொல்ல சக்கரம் பூட்டிக்கிச்சின்னா இன்னா பண்ணுவ?"

"அப்ப ஒரிஜினலுக்கு உங்கப்பனா துட்டு குடுப்பான்?" என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் அவளே பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்கு பஸ் ஏறினாள். கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். ராகவன் சார்.

"வாம்மா சொர்ணம்" என்றார், நேற்றுதான் பார்த்துப் பிரிந்தவர் மாதிரி.

"சார், இதுல பொட்டு வெச்சது நாங்க."

"ஆமா. நீங்க பொட்டு வெச்சீங்க. கம்பெனி எடைக்குப் போட்டுது. எடைக்கு எடுத்தவன் எனக்கு வித்தான். உங்களை அனுப்பிட்டு என்னை மட்டும் மடில வெச்சுக் கொஞ்சினாங்கன்னு நெனச்சியா? அடுத்த தீபாவளிக்குள்ள என்னையும் தொரத்திட்டாங்க."

"போட்டவன் எவனாவது செத்துப்பூட்டா, சார்?"

"ஒரிஜினல் வாங்க வக்கில்லாதவன்தான் இங்க வரான். நான் தரலன்னா தேஞ்சுபோன பேரிங்கோடதான் ஓட்டுவான். அது மட்டும் நல்லதா?" அவள் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். "வேலை எதாவது கெடச்சுதா உனக்கு?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"பின்னாடி மூட்டை மூட்டையா கெடக்குது. பிரிச்சுப் பாக்க ஆளில்ல. விரிசல் இருக்கறத நீ ஒதுக்கிடு. லேசா துரு, கீறல், அதை மட்டும் விக்கலாம். நீ வந்தா வாங்கறவனுக்கும் நல்லதுதானே?"

அவள் பணத்தை முடிந்துகொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். வண்டி வாசலில் நின்றது. கோவிந்தன் பகலெல்லாம் படுத்துக் கிடந்தான். மளிகைக் கடைக்காரர் அவள் வருவதைப் பார்த்தாலே போனை எடுத்துப் பேச ஆரம்பித்தார். அடுத்த திங்கட்கிழமை அவள் பூந்தமல்லி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். படு மோசமானதையாவது நான் தடுக்கலாமே என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடையின் பின்னறையில் தின்னர் நெடி தலையைக் கிறுகிறுக்க வைத்தது. தான் வைத்த பொட்டைத் தானே துடைத்தாள். விரிசல் விட்டதை ஒரு டிரம்மில் தனியாகப் போட்டாள். கையில் வந்த முதல் சம்பளத்தில் நேராகப் பாடிக்குப் போய், பில் போட்டு, ஒரிஜினல் பேரிங் வாங்கி வந்தாள். கோவிந்தன் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "உங்க கடை சரக்கு நம்ம வண்டிக்கு ஆவாதா?" அவள் சிரிக்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலையில் டிரம் காலியாக இருந்தது. அதிலிருந்தவை பளபளவென்று துடைக்கப்பட்டு அலமாரியில் இருந்தன.

"சரக்கு தட்டுப்பாடும்மா" என்றார் ராகவன், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று முழுவதும் அவரோடு அவள் பேசவில்லை. மறுநாள் பேசினாள்.

பொங்கலுக்கு முன்பு சித்ரா கடைக்கு வந்தாள். வேலை போனபின் பாரிவாக்கத்தில் குடியேறியிருந்தாள். புருஷன் ஜெகன் பழைய கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். சொர்ணத்தைப் பார்த்ததும் சித்ரா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! நீ இங்கயா கீற? எல்லா கடையிலயும் டூப்ளிகேட்டா வித்துகினு கீறானுங்கன்னு பயந்துகினே வந்தேன். காருக்கு ஒரு பேரிங் நீயே பாத்துக் குடுத்துடு."

அந்தக் காருக்கான அளவில் அலமாரியில் இரண்டுதான் இருந்தன. ஒன்றைத் துரு ஆழமாக அரித்திருந்தது, அதை உடனே கீழே வைத்தாள். இன்னொன்றின் மேல் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. கீறலா விரிசலா என்று அந்த மங்கல் வெளிச்சத்தில் தெரியவில்லை. கம்பெனி மேசையாக இருந்தால் யோசிக்காமல் பொட்டு வைத்திருப்பாள். கல்லாவிலிருந்து ராகவன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லதாக்கா?"

"நல்லதுதான்" என்றாள் சொர்ணம்.

மாசி மாதத்தில் தகவல் வந்தது. பாரிவாக்கம் ரோட்டில் ஜெகனின் கார் முன்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டு, வண்டி சுழன்று கரண்ட் கம்பத்தில் மோதியிருந்தது. சவாரி யாரும் இல்லை. ஜெகனுக்குத் தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. ராகவனிடம் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பில் எதுவும் போடலையே?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்ரா தரையில் உட்கார்ந்திருந்தாள். சொர்ணத்தைக் கண்டதும் எழுந்து தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"மெக்கானிக்கு பேரிங்குதான் ஒடஞ்சிதுன்றான்கா. நான் ஒத்துக்கவே இல்ல. எங்க அக்கா பாத்துக் குடுத்தது, நீதான் ஒழுங்கா மாட்டலன்னு அவன சண்ட போட்டு தொரத்திட்டேன்."

சொர்ணம் வாயைத் திறந்தாள். அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லிவிடத்தான் நினைத்தாள். உள்ளேயிருந்து ஜெகனின் முனகல் கேட்டது. சொன்னால் வேலை போகும், போலீஸ் வரும், கோவிந்தன் அடிப்பான். அதைவிட, இந்தத் தோளில் கிடக்கும் முகம் நிமிர்ந்து தன்னை எப்படிப் பார்க்கும் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"காரு ரெடியாவச்சொல்ல மறுபடி உங்கிட்டதான்கா வருவேன்."

"எங்க கடைல வாணாம் சித்ரா. சரக்கு சரியா வர்றதில்ல. பாடில ஒரிஜினல் வாங்கு."

"அவ்ளோ துட்டுக்கு நான் எங்கக்கா போவேன்?"

"நான் தரேன்."

சித்ரா அவள் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். கூடப்பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று பக்கத்தில் இருந்த பெண்களிடமெல்லாம் சொன்னாள். அவர்களும் சொர்ணத்தை நல்லவளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். சொர்ணம் கையை உருவிக்கொள்ளவும் முடியாமல் நின்றாள்.

மறுநாள் கடைக்கு இரண்டு புது மூட்டை வந்து இறங்கியிருந்தது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தின்னர் டப்பாவைத் திறந்து, துணியை நனைத்தாள்.