மூன்றாம் படியோடு நிறுத்திக்கொண்டவர்

முகவரி மாற்றப் பிரிவின் நான்காம் கவுன்ட்டருக்குப் பின்னால் இருபத்தாறு ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவருக்குப் பெற்றோர் ஏதோ ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். ஊர் அவரை நகலார் என்றே அழைக்கிறது. யார் எதை நீட்டினாலும், "இதுக்கு ஒரு நகல்?" என்பார். நகலை நீட்டினால், அந்த நகலுக்கும் ஒன்று இருந்தால் நல்லது என்பார். கடுமையானவர் அல்ல. திருப்பி அனுப்பும்போது எந்தப் பேருந்தைப் பிடித்தால் சீக்கிரம் வரலாம் என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்புவார். அவர் திருப்பி அனுப்பியவர்களைக் கொண்டு ஒரு சிறு நகரமே அமைக்கலாம். என்ன, அங்கே ஒருவருக்கும் முகவரி இருக்காது.

ஐம்பத்திரண்டாம் வயதில் ஒரு பல் மருத்துவரிடமிருந்து பதினோரு வயதான சாம்பல் நிறக் கார் ஒன்றை வாங்கினார். வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் மாமனார் தொலைக்காட்சியில் செய்தி பார்த்து, வாசிப்பவரோடு சண்டை போடுவார். மற்றதில் மகள் பரீட்சைக்கு உரக்கப் படிப்பாள். அலுவலகத்தில் கேட்கவே வேண்டாம். ஆகவே மதியம் ஒன்றரை மணிக்குக் கண்ணாடிகளை ஏற்றி, இருக்கையைச் சாய்த்து, டிபன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் வாய் திறக்காமல் இருக்கும் அந்தக் கார்தான் உலகத்தில் அவருக்கென்று வாய்த்த ஒரே அறை.

அந்த அறையை எங்கே நிறுத்தினோம் என்பதுதான் அவருக்கு நினைவிருக்காது. போன வருடம் திருப்பிய விண்ணப்பத்தின் எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். காலையில் நிறுத்திய வண்டியை மாலையில் திருவிழாவில் குழந்தையைத் தொலைத்தவர்போல் தேடுவார்.

மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். வேலை முடிந்ததும் அவரை அழைத்துவர நகலார் போவார். அங்கே வாகனம் நிறுத்த ஆறு மாடிகள். நாள் முழுக்க நின்ற கால்களோடு அந்த அம்மாள் ஒரே வாரத்தில் மூன்று முறை கணவரோடு வண்டி தேடினார். மூன்றாம் முறை ஆறு மாடியும் ஏறி இறங்கிய பிறகுதான், அன்று எதிர்த்தெரு மருந்துக்கடை வாசலில் நிறுத்தியது நகலாருக்கு ஞாபகம் வந்தது. மனைவி கோபப்படவில்லை. அதுதான் கவலைக்கிடம்.

"இன்னொரு தடவை என்னைத் தேட வெச்சீங்கன்னா, மறுநாளே தம்பி வந்து வண்டியை ஓட்டிட்டுப் போயிடுவான்" என்றார்.

வெறும் மிரட்டல் இல்லை. தம்பிக்காரன் ஒரு வருடமாக அந்த வண்டிமேல் கண்ணாக இருந்தான். வரும்போதெல்லாம் சந்தையில் மாடு பார்க்க வந்தவன்போல் அதைச் சுற்றிவந்து டயரை ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவான்.

நகலார் காரின் கையேட்டைப் பிரித்தார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வழி இருந்தது. வண்டியைக் கைப்பேசியோடு இணைத்துவிட்டால் அது எங்கே நின்றாலும் கைப்பேசி காட்டிக்கொடுத்துவிடுமாம். அதற்குப் பதிவு செய்ய வேண்டும். பதிவு என்ற சொல்லைப் பார்த்ததும் நகலார் சிரித்தார். மீன் குஞ்சுக்கு நீச்சல் பரீட்சையா?

முதல் படி, பழைய உரிமையாளர் தன் பெயரை விடுவிக்க வேண்டும். பல் மருத்துவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒரே நிமிடத்தில் விடுவித்தார். நகலாருக்கு அந்தப் பொறுப்பின்மை பிடிக்கவில்லை. இரண்டாம் படி, வண்டியின் பதினேழு இலக்க எண். மூன்றாம் படியில், வண்டி இவருடையதுதானா என்று பார்க்க அதன் ஹாரன் மூன்று முறை தானாக அடிக்கும். கேட்டதா என்று கைப்பேசி விசாரிக்கும். கேட்டது, தெருவுக்கே கேட்டது. நான்காம் படி, நாற்பத்தொரு பக்க நிபந்தனைகள். நகலார் எல்லாவற்றையும் படித்தார். மனித குலத்தில் அவருக்கு முன் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஐந்தாம் படியில் காரின் திரையில் ஒரு ரகசிய எண் தோன்றும், அதைக் கைப்பேசியில் அடிக்க வேண்டும். தோன்றவில்லை. கார் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். ஒரு பெண் எடுத்தாள்.

"திரையில என்ன சார் தெரியுது?"

"ஆறு கட்டம்மா."

"கட்டத்துக்குள்ள?"

"சுத்தமா இருக்கும்மா. துடைச்சு வெச்ச மாதிரி."

காரின் திரை பழையதாகிவிட்டதால் எண்கள் தெரியவில்லை, அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று அவள் விளக்கினாள். புதுப்பிக்கலாமே என்றார் இவர். பதிவு செய்த வண்டிகளுக்குத்தான் புதுப்பிக்க முடியும் என்றாள் அவள். அதற்குள் ஒரு மணி நேரம் கடந்துவிட்டதால் விண்ணப்பம் தானாக அழிந்துபோனது; இனி முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வேறொருவராயிருந்தால் கைப்பேசியைச் சுவரில் அடித்திருப்பார். நகலாருக்கு மெய்சிலிர்த்தது. இருபத்தாறு வருட அனுபவத்தில் இவ்வளவு கச்சிதமாக ஆளைச் சுற்றவிடும் ஒரு வழி அவர் மூளையில் உதித்ததில்லை. "ரொம்ப நேர்த்தியா இருக்கும்மா. யாரு யோசிச்சது?" என்று கேட்டார். தான் வேலைக்கு வந்த நாளிலிருந்தே இப்படித்தான் என்றாள் அவள், பெருமையா வருத்தமா என்று தெரியாத குரலில்.

வெள்ளிக்கிழமை அது நடந்தது. மனைவி கீழே இறங்கி வந்து, "எந்த மாடி?" என்றார். நகலார் லிஃப்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாக, அறிமுகமானவர் யாராவது இருக்கிறார்களா என்பதுபோலப் பார்த்தார். மனைவி கைப்பேசியை எடுத்துத் தம்பியை அழைத்தார்.

நகலார் நேரம் கடத்துவதற்காக, பதிவு இதோ முடிந்துவிடும் என்று முணுமுணுத்தபடி தன் கைப்பேசியில் புதிய விண்ணப்பத்தைத் தொடங்கினார். பதினேழு இலக்கங்களும் மனப்பாடம். மூன்றாம் படியை அழுத்தினார்.

மேலே எங்கோ ஒரு வண்டி மூன்று முறை கத்தியது.

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். நகலார் மறுபடி அழுத்தினார். நான்காம் மாடியின் விளிம்பில் மஞ்சள் விளக்கு கண் சிமிட்ட, அதே குரல் அவரைக் கூப்பிட்டது. அதற்குள் மனைவியின் அழைப்பைத் தம்பி எடுத்துவிட்டான். அந்த அம்மாள் கணவரையும் நான்காம் மாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லடா, சும்மாதான் கூப்பிட்டேன். சாப்பிட்டியா?" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் லிஃப்ட் அருகே நின்று நகலார் முறைப்படி விண்ணப்பிக்கிறார். ஒலி வந்ததும் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறார். மீதி இரண்டு படிகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தம்பிக்காரன் டயரை உதைப்பதை நிறுத்திவிட்டான்.

எண்பத்து மூன்றாம் விண்ணப்பத்துக்குப் பிறகு உதவி எண்ணின் பெண் தானே அழைத்தாள். இப்படி விடாமுயற்சியுள்ள வாடிக்கையாளரை நிறுவனம் கண்டதில்லையாம். மேலிடத்தில் பேசி, ஐந்தாம் படி இல்லாமலே பதிவை முடித்துத் தர அனுமதி வாங்கிவிட்டாளாம்.

நகலார் அவசரப்படவில்லை. பதிவான பிறகு ஹாரன் அடிக்குமா என்று விசாரித்தார்.

"அது பதிவு பண்றப்ப மட்டும்தான் சார். உங்க மாடலுக்கு வண்டி தேடுற சேவையை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு."

"அப்ப பதிவானா எனக்கு என்னம்மா கிடைக்கும்?"

"வருஷா வருஷம் பிறந்தநாள் வாழ்த்து வரும் சார்."

பதிவே வேண்டாம் என்று நகலார் பக்குவமாகச் சொன்னார். தன் சார்பில் இவ்வளவு பாடுபட்டவள் மனம் நோகக் கூடாதே. அப்படியானால் விண்ணப்பத்தை நிரந்தரமாக ரத்து செய்துவிடட்டுமா என்று அவள் கேட்டபோதுதான் அவர் பதறினார்.

"ரத்து மட்டும் பண்ணிடாதம்மா. உனக்குப் புண்ணியமாப் போகும். நாலாவது படிப் பக்கமே நான் வரமாட்டேன்."