பன்னிரண்டு மணிக்கு வெளியே போன பந்து

பேய், ஆவி என்று எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இதை எழுதுகிற இந்த நிமிடத்திலும் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். இருபத்திரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது என்றுகூட அதில் இருக்கும். படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் வருத்தமில்லை, என் மனைவி ஜெபா முதலிலேயே சிரித்துவிட்டாள். ஆனால் இது நடந்தது ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில், 2014இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடியப்பட்டணத்தில் என் வீட்டு முன்னறையில்.

அமலனைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. இரண்டு தெரு தள்ளி வீடு, என் வயதுதான், கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். 2004இல் எனக்கு முதல் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி மாட்டிக் கொடுத்தவன் அவன்தான். அதில் ஒரு கால்பந்து கேமையும் போட்டுத் தந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வந்துவிடுவான், இரண்டு ஜாய்ஸ்டிக், எதிரெதிராக இரண்டு பேர், ஆளுக்கொரு அணி. அவன் அணியை அவனே உருவாக்கியிருந்தான். நீலச் சட்டை, ஆட்டக்காரர்களுக்கெல்லாம் தெருக்காரர்களின் பெயர். கோல்கீப்பருக்கு அவனுடைய சித்தப்பா கிளாரன்ஸின் பெயர்.

"ஏம்லே அவருக்க பேரு?" என்று கேட்டேன்.

"வீட்டுல வாற கடன்காரனையே அவரால தடுக்க முடியாது. பந்தையாவது தடுக்கட்டும்" என்றான்.

ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவையும் நான் ஒரு நோட்டில் எழுதுவேன். அதற்காக நடுவில் ஆட்டத்தை நிறுத்துவேன், அவனுக்கு எரிச்சல் வரும். "லேய் கணக்கப்பிள்ள, ஓடுகவன நிறுத்தி வச்சு எழுதாத. மூச்சு நிண்ணுரும்" என்பான். கடைசியில் ஒரு விதி போட்டோம்: ஆட்டத்தை நிறுத்தும் பொத்தானை யாரும் தொடக் கூடாது. எதற்காகவும்.

அப்போதுதான் மணி ஒரு பிரச்சினையாக வந்தது. எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோவிலில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மணி அடிக்கும், கத்தோலிக்கர்கள் இருந்த இடத்தில் எழுந்து நின்று ஜெபம் சொல்வார்கள். கடற்கரை மைதானத்தில் சாயங்காலம் பந்து விளையாடுகிறபோது மணி அடித்தால், யார் காலில் பந்து இருக்கிறதோ அவன் அதைக் கோட்டுக்கு வெளியே அடித்துவிடுவான். எல்லாரும் நிற்பார்கள். ஜெபம் முடிந்ததும் எதிரணிக்காரன் பந்தை உள்ளே எறிந்து, வெளியே அடித்தவனுடைய அணிக்கே திருப்பிக் கொடுப்பான். எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனாலும் இதில் ஏமாற்றினவனை நான் பார்த்ததில்லை.

அமலன் இதை அப்படியே கேமுக்குள் கொண்டுவந்தான். பன்னிரண்டு மணி அடித்தால் பந்தை வெளியே அடித்துவிட்டு, ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்து, எழுந்து கண்ணை மூடுவான். நான் புராட்டஸ்டன்ட், எங்களுக்கு அந்த ஜெபம் கிடையாது, உட்கார்ந்தபடியே காத்திருப்பேன். நான் எறிகிற வரைக்கும் திரையில் யாரும் நகர முடியாது. அவன் உட்கார்ந்ததும் பந்தை அவனுக்கே எறிந்து கொடுப்பேன். இரண்டு வருடம் ஒரு தடவைகூட இது பிசகவில்லை.

2006இல் அவனுக்குக் கத்தாரில் வேலை கிடைத்தது. புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு எங்களுடைய நூற்று முப்பத்தொன்பதாவது ஆட்டம். அதுவரைக்கும் நான் அறுபது, அவன் அறுபது, சமன் பதினெட்டு. இது கடைசி. 2–2, முடிய ஆறு நிமிடம் இருக்கையில் மணி அடித்தது. அவன் பந்தை வெளியே அடித்தான், எழுந்தான், கண்ணை மூடினான். நான் எறிந்தேன். அவனுக்கு இல்லை, என் ஆளுக்கு. நீலச் சட்டைகளை நடத்த ஆளில்லை, நேராகப் போய் கிளாரன்ஸ் சித்தப்பாவைத் தாண்டிப் பந்தை உள்ளே தள்ளினேன். ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியாது, கணக்கு சமமாக முடிவது எனக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

கண்ணைத் திறந்தவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சாரமில்ல மக்கா, போவட்டும். எழுதிக்க" என்றான்.

எங்கள் இருவருடைய வெற்றி தோல்விக் கணக்கைக் கேமும் தானே சேர்த்து வைக்கும், திரையில் 61–60–18 என்றிருந்தது. நோட்டிலும் அதையே எழுதினேன், கடைசி ஆட்டமாயிற்றே என்று அவனைக் கையொப்பம் போடச் சொன்னேன். போட்டான். அதற்குப் பிறகு கத்தாரிலிருந்து எத்தனையோ தடவை பேசினான், ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைப்பேன், பிறகு மழை பெய்கிறதா, மீன் என்ன விலை என்று பேசிவிட்டு வைத்துவிடுவேன். 2009இல் அங்கே ஒரு சாலை விபத்தில் போய்விட்டான்.

இனி 2014. புது லேப்டாப்பில் அதே கேமின் புதுப் பதிப்பை வாங்கிப் போட்டேன். படம் அபாரம், புல் அசைவதுகூடத் தெரிகிறது, ஆனால் ஆட்டத்தில் காரமில்லை. மிகக் கடினமான நிலையில் வைத்தும் தொடர்ந்து எட்டு ஆட்டம் ஜெயித்தேன், ஒன்றில் 7–0. பழைய கேமில் ஒரு கோல் போட வியர்த்துப் போகும். அதனால் பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டர் பெட்டியை இறக்கினேன்.

"இந்த ஓட்ட டப்பாவ வைக்க எடமில்லண்ணு நீங்கதான சொன்னிய?" என்றாள் ஜெபா.

"புதுசுல தோக்க முடியல்ல" என்றேன்.

"தோக்கணும்ணா எங்கிட்ட பேசினா போதுமே, அதுக்கு கரண்ட் எதுக்கு?"

பெட்டி ஓடியது. உள்ளே இருந்த சின்ன பேட்டரி செத்துப்போயிருந்ததால் ஒவ்வொரு தடவை போடும்போதும் கடிகாரம் 2002 ஜனவரி ஒன்று, நள்ளிரவு என்றே தொடங்கும். இதைக் கவனித்துக் கொள்ளுங்கள், இது முக்கியம். கேமைத் திறந்து பழைய பதிவைப் பார்த்தேன், 61–60–18, என் நோட்டில் இருப்பதுபோலவே. அன்றைய நாட்குறிப்பிலும் குறித்தேன். பிறகு அமலனின் நீல அணியைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டு நான் தனியாக ஆடினேன். இப்படி ஆடுவது அந்தப் பதிவில் சேராது, இரண்டு பேர் ஆடினால்தான் சேரும். முதல் ஞாயிறு 0–4, அடுத்த ஞாயிறு 1–3. தோற்றேன், சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு. 1–1 என்றிருந்தபோது நீலச் சட்டைக்காரன் ஒருவன் என் தடுப்பாட்டக்காரர்களைக் கடந்து பந்தோடு தனியாக வந்தான். அவனுக்கு முன்னால் என் கோல்கீப்பர் மட்டும்தான், கோல் நிச்சயம் என்று கையைத் தளர்த்திவிட்டேன். அப்போது கோவிலில் முதல் மணி விழுந்தது.

அவன் நின்றான். திரும்பினான். பந்தைக் கோட்டுக்கு வெளியே அடித்தான்.

நம்பினால் நம்புங்கள், கம்ப்யூட்டர் ஆடுகிற எந்த அணியும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. நேரம் தெரிந்து செய்தது என்று சொல்லவும் வழியில்லை, அந்தப் பெட்டிக்கு அப்போது அதிகாலை ஒரு மணிகூட ஆகியிருக்காது. என் ஆள் பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றான். நான் எறியவில்லை. மணி முடிகிற வரைக்கும், அதற்குப் பிறகு ஒரு ஜெபத்துக்கு ஆகிற நேரமும் எறியவில்லை.

"எதுக்கு எந்திச்சி நிக்கிய?" என்று ஜெபாவின் குரல் கேட்டது. அப்போதுதான் தெரிந்தது, நான் எழுந்து நின்றிருக்கிறேன். "நம்ம சபையில இது எப்பம் தொடங்கினாவ?"

நான் உட்கார்ந்து, பந்தை நீலச் சட்டைக்காரனுக்கே எறிந்தேன். அவர்கள் ஒரு கோல் போட்டார்கள், 1–2 என்று தோற்றேன்.

இதுவரை தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம், நானும் அப்படித்தான் சொல்லிக் கொண்டேன். பெட்டியை அணைப்பதற்கு முன் பழைய பதிவை ஒரு தடவை திறந்து பார்த்தேன்.

60–60–19.

அந்தக் கடைசி ஆட்டம் 2–2 என்றே முடிந்ததுபோல, என் வெற்றியில் ஒன்று குறைந்து சமனில் ஒன்று கூடியிருந்தது. ஜெபாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்பமே தப்பா எழுதியிருப்பிய" என்றாள். இரண்டு வாரத்துக்கு முன் எழுதிய நாட்குறிப்பைக் காட்டினேன், எட்டு வருடத்துக்கு முன் எழுதிய நோட்டைக் காட்டினேன். அதில் 61–60–18, கீழே அமலனின் கையொப்பம். அவள் அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரித்தாள், நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். அந்த எண்களை நம் இஷ்டத்துக்குத் திருத்த அந்தக் கேமில் வழி கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன்.

நோட்டில் இருப்பதை நான் அடித்துத் திருத்தவில்லை, அவன் கையொப்பம் போட்டது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறேன். மணி அடித்தால் நானே பந்தை வெளியே அடித்துவிட்டு எழுந்து நிற்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து அப்படி ஒரு பந்து மறுபடி வெளியே போகவில்லை, பதிவும் மாறவில்லை, 60–60–19தான். சமம் என்றால் முடிவு செய்ய இன்னும் ஒரு ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம். அவனுடைய ஜாய்ஸ்டிக் மேஜை இழுப்பறையில் நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பெட்டியில் சொருகி, இரண்டு பேர் ஆட்டம் என்பதை அழுத்திப் பார்க்க எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை.