ரம்யாவுக்கு இன்னும் பூ வைக்கவில்லை

போன வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறேன்... வாசலில் எதிர்வீட்டுக் குமாரி.

"அக்கா, ஞாயித்துக்கிழமை நம்ம ரம்யாவுக்குப் பூ வைக்க வராங்க. நீதான் முன்னால நிக்கணும்."

ரம்யாவா? குமாரியின் சின்ன மகள், ப்ளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை! வேலப்பன்சாவடி பக்கம் நர்ஸிங் சேரப் போகிறேன் என்று எங்கள் பருத்திப்பட்டுத் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருப்பவள்.

"இன்னாடி அவசரம்?"

"இப்ப பூ மட்டும்தான்க்கா. பதினெட்டு முடிஞ்ச கையோட கல்யாணம். பையன் அம்பத்தூர்ல கம்பெனி வேலை. இந்த எடத்த வுட்டா கெடைக்குமா?"

எனக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. 'தாயே, நீ பார்த்துக்கோ' என்று அம்மனிடம் சொல்லிவிட்டேன். நாம் பேச வேண்டியதைச் சாமி தலையில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள்தானே நாம்?

பூ வைப்பது சின்ன விஷயம் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் மாற்றினால் தெரு சிரிக்கும்.

ஞாயிறு. மாப்பிள்ளையின் அம்மா பூத்தட்டோடு வந்து உட்கார்ந்தார். கலகலப்பான மனுஷி. ரம்யாவின் அக்கா செல்வி, கைக்குழந்தையோடு வந்து வணக்கம் சொன்னாள்.

"அய்ய, தங்கக்கட்டி! ஒரு வயசு ஆவப்போதா? மொட்டை எப்ப போடப் போறீங்க?"

குமாரி அவசரமாகக் காபியை நீட்டினாள்.

"மொட்டை போன வருஷமே போட்டாச்சு அத்தே," என்றாள் செல்வி. "ரெண்டு வயசு முடியப் போவுது."

அந்த அம்மா குழந்தையைப் பார்த்தார். பிறகு செல்வியின் வெளுத்த உதட்டைப் பார்த்தார். "ஒடம்புக்கு இன்னாம்மா?"

குமாரி கண்ணைக் காட்டினாள் — வாயை மூடு என்று. செல்வி மூடவில்லை.

"பதினேழு வயசுல ஊர்ப்பக்கம் இட்டுனு போயி கட்டி வெச்சிட்டாங்க. ஒடனே இவன் வயித்துல. ஒடம்புல ரத்தமே இல்லன்னு ஏத்துனாங்க. எட்டாம் மாசமே பொறந்துட்டான். கண்ணாடிப் பெட்டில வெச்சிதான் காப்பாத்துனாங்க. 'நீயே இன்னும் வளந்து முடிக்கல, உனுக்குள்ள இன்னொரு உசுரு எப்படிம்மா வளரும்'னு டாக்டரம்மா கேட்டாங்க. ரம்யாவாவது படிச்சு முடிக்கட்டும் அத்தே..."

"நல்ல நாளும் அதுவுமா இன்னாடி பேச்சு இது!" குமாரிக்கு அழுகையே வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார். "நீங்க இன்னா சொல்றீங்க?"

இப்போது சாமியைக் கூப்பிட நேரமில்லை. "பூவை அம்மனுக்குப் போட்டுடலாம்மா. பொண்ணு படிக்கட்டும்," என்றேன்.

அவர் மெதுவாகத் தட்டை மூடினார். "படிப்பு முடியற வரைக்கும் எம் புள்ள காத்திருக்கானோ, வேற எடம் பாக்கறானோ... அவன் பாடு. எனக்குப் பேரப்புள்ள நல்லபடியா வேணும்."

ரம்யாவுக்காகச் சொல்லவில்லை, பேரனுக்காகச் சொன்னார். இருக்கட்டுமே! ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். ஒரு பிள்ளையைச் சுமக்க அந்தப் பெண்ணின் உடம்பு தயாரா என்று எந்தக் கட்டத்தில் பார்க்கிறோம்? தாய் தேறாமல் பிள்ளை எப்படித் தேறும்?

சாயங்காலம் நானும் செல்வியும்தான் பூவைக் கோயிலுக்கு எடுத்துப் போனோம். சந்தோஷமாக வருவாள் என்று பார்த்தால், இடுப்பில் இருந்த பிள்ளையையே பார்த்துக்கொண்டு நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது மெல்லச் சொன்னாள்.

"தங்கச்சி தப்பிச்சிட்டா பெரியம்மா. எங்க மாமியாரு ரெண்டாவது எப்ப, எப்பன்னு கேட்டுகினே கீறாங்க. இவனே இன்னும் புடிச்சிகினுதான் நிக்கிறான்... எனக்கு யாரு பேசறது?"

வரும் ஞாயிறு பட்டாபிராமுக்கு, அவள் மாமியார் வீட்டுக்குப் போகிறேன். அந்த அம்மா காபி கொடுப்பார் என்று தோன்றவில்லை... வீட்டிலேயே குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான்!