கியெனின் அறையில் இருந்தவன்

மூன்று நாள் தங்குவதாகச் சொல்லி முதுகுப் பையோடு வந்த தோமாஷ், நியான் அத்தையின் விடுதியில் பத்து மாதம் இருந்தான். அவன் வந்த வாரம் எங்கள் ஊரான ஹுவேயில் ஆறு கரை மீறியது. கீழ் அறைகளில் தண்ணீர் ஏறியதும், அத்தை மாடியில் தன் மகன் கியெனின் அறையை அவனுக்குத் திறந்துவிட்டாள். அதுவரை யாரையும் உள்ளே விடாதவள்.

கியென் வேலை தேடிக் கள்ள வழியில் ஐரோப்பாவுக்குப் போனவன். பாதி வழியில் போன் பேச்சு நின்றது. பிறகு எந்தத் தகவலும் இல்லை. செத்திருந்தால் படையல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பசியோடு அலைவான். உயிரோடு இருப்பவனுக்குப் படையல் வைத்தாலோ, அது நாமே அவனைக் கொல்வது போல. அத்தை வருடக்கணக்காக இதில் சிக்கிக் கிடந்தாள். குடும்பத்தில் கல்லூரி பார்த்தவள் நான் ஒருத்தி என்பதால் என்னைத்தான் கேட்பாள். காத்திருக்கலாம் என்பேன். அது படிப்பு சொன்னதா, என் பயமா?

வெள்ளம் வடிந்தும் அவள் தோமாஷைக் கீழே இறக்கவில்லை. அவன் வர நேரமானால் சோற்றை மூடி வைத்திருப்பாள்.

எதிர்வீட்டு லான் விடமாட்டாள். "என்னக்கா, வெள்ளக்காரனத் தத்து எடுத்துட்டியா?"

"ஆமாடி. உன் வீட்டுக்காரர விட நல்லா பாத்திரம் கழுவுறான். வயிறெரியாத."

ஏழாம் மாதப் பௌர்ணமியன்று, நாதியற்ற ஆவிகளுக்காக வாசலுக்கு வெளியே கஞ்சியும் பொரியும் வைத்தோம். தெருப் பிள்ளைகள் பறித்துத் தின்ன வேண்டியது அது. ஒரு பருக்கைகூட வீட்டுக்குள் வரக் கூடாது. வெளியிலிருந்து வந்த தோமாஷ் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேரே மாடியேறினான். நாங்கள் ஓடிப் போனபோது, கியெனின் கட்டிலில் உட்கார்ந்து பாதியைக் குடித்திருந்தான்.

"அது ஆவிக்கு வச்சது!" என்று கத்தினேன்.

"எனக்குன்னு நெனச்சேன். பசி," என்றான், அரைகுறையாக எங்கள் மொழியில்.

அத்தை அவனைத் திட்டவில்லை. "குடிப்பா, முழுசாக் குடி" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னிடம், "என் புள்ள வாசல் வரைக்கும் வந்திருக்கான்டி. நாதியத்ததுங்களோட நின்னுருக்கான்."

"அத்தை, இவனுக்கு நம்ம வழக்கம் தெரியாது. அவ்வளவுதான்."

"தெரியாதவன்தானே உள்ள கூட்டிட்டு வந்தான். எல்லாம் தெரிஞ்ச நான் வெளியவே நிக்க வச்சிருந்தேன்."



இறந்த நாள் தெரியாததால், கியென் வீட்டைவிட்டுக் கிளம்பிய தேதியையே அத்தை திதியாக வைத்துக்கொண்டாள். அதற்குள் தோமாஷ் போய்விட்டான். போகும் முன், "என்னாலதானா?" என்று என்னிடம் பல முறை கேட்டான். இல்லை என்றேன். அவன் நம்பவில்லை.

திதியன்று மீன் குழம்பு வைத்து, படத்தின் முன் சோறு போட்டாள். பெற்றவள் பிள்ளையை வணங்கக் கூடாது, இளையவர் கைதான் வேண்டும். ஊதுவத்தியை என்னிடம் நீட்டினாள்.

"ஏத்துடி. எத்தன வருஷப் பசியோ."

அவன் எங்கேயாவது உயிரோடு இருந்தால் என்ற நினைப்பு போகவில்லை. ஏற்றினேன்.